நிறுத்திய பிறகு

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களில் ஒரு சாராருக்கு அது குடியை விடும் பருவமும்கூட. முந்தின நாள்வரை குவார்ட்டர் இல்லாமல் தூங்காதவர், கறுப்பு வேட்டி கட்டிய நாளிலிருந்து ஒரு மண்டலம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரமே பழைய நேரத்துக்குப் பழைய கடைக்குப் போய்விடுகிறார். “மனசு வெச்சா முடியுது, வைக்க மாட்டேங்கிறாரு” என்று வீட்டில் புலம்புவார்கள். புலம்பலில் பாதி உண்மை. ஒரு மண்டலம் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு முடியாமல் போனதற்கு மனசு மட்டும்தான் காரணமா என்பதே கேள்வி.

போதை அடிமைத்தனம் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் மூளையறிவியலும் மனநல மருத்துவமும் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகிறது. நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்திய நிலையிலேயே இருப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடங்கள். ஆகும் காலமும் கொடுக்கும் மருந்தும்கூட வேறு. நம் ஊரில் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி முதல் வேலைக்கானது. ஆளை உள்ளே சேர்த்து, பத்து நாளோ ஒரு மாதமோ வைத்து, நடுக்கம் நின்றதும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கடினமான பகுதி அவர் வீட்டுப் படியேறும்போதுதான் தொடங்குகிறது.

மூளையின் கதையை 1954இலிருந்து தொடங்குவது வழக்கம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்துக்கு மின்சாரம் போகும்படி அமைத்தார்கள். கம்பி குறிப்பிட்ட சில இடங்களில் இருந்தபோது எலிகள் அழுத்துவதை நிறுத்தவேயில்லை. பின்னர் நடந்த சோதனைகளில் மணிக்கு இரண்டாயிரம் முறைக்கு மேல் அழுத்திய எலிகளும் உண்டு. ‘இன்ப மையம்’ கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நடுமூளையிலிருந்து அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதிக்குச் செல்லும் நரம்பணுக்களும், அவை சுரக்கும் டோபமைனும் இந்த விவகாரத்தின் நடுநாயகம் என்பது அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தெளிவானது.

டோபமைன் என்றாலே இன்பம் என்ற பிழையான சமன்பாடும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கும் யூடியூப் உரைகளில் அது உயிரோடு இருக்கிறது. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்கில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் கவனித்தபோது படம் மாறியது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போதே துடித்தன. சாறு வரும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. அதாவது டோபமைன் சொல்வது ‘இது இனிக்கிறது’ என்பதை அல்ல. ‘வரப்போகிறது, கவனி, போ’ என்பதை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார்கள். டோபமைன் ஏறக்குறைய முழுக்க அழிக்கப்பட்ட எலி, எதிரே உணவு இருந்தும் எழுந்து போய்த் தின்னாது. ஆனால் அதன் நாக்கில் சர்க்கரை நீரைத் தடவினால் மற்ற எலிகளைப் போலவே சப்புக்கொட்டும். ருசி இருக்கிறது, தேடல் இல்லை. பழக்கத்துக்கு அடிமையானவரிடம் நடப்பது இதன் தலைகீழ் என்று 1993இல் இருவரும் எழுதினார்கள்: ருசி குறைந்துகொண்டே போக, தேடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. “குடிச்சா ஒண்ணும் சுகமில்ல சார், ஆனா போகாம இருக்க முடியல” என்று வெளிநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கும் வாக்கியத்துக்கு இதைவிட நெருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது. பதினொன்றரைக்கே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும் மனிதரிடம் வேலை செய்வது ஷுல்ட்ஸின் விளக்குதான். சனிக்கிழமைக் கூலி, பாரிலிருந்து வரும் முட்டைப் பொரியல் வாசனை, ஒரு குறிப்பிட்ட நண்பரின் பைக் சத்தம் எல்லாமே அந்த விளக்கின் வேலையைச் செய்யும். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தாலும் இந்த விளக்குகள் அணைவதில்லை. எரியாத இடத்தில் ஆள் இருந்தார், அவ்வளவே. மாலை போட்டவர் வேறு நேரத்துக்கு எழுகிறார், வேறு உடை உடுத்துகிறார், வேறு ஆட்களோடு பஜனைக்குப் போகிறார், ஊரே அவரை ‘சாமி’ என்று அழைக்கிறது. மாலையைக் கழற்றியதும் எல்லா விளக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்கு உலக அளவில் ஒரு பெரிய சான்று உண்டு. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டது என்று 1971இல் நிக்சன் அரசு அலறிப்போனது. நாடு திரும்பும் விமானத்தில் ஏறுமுன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தவர் லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர். அங்கே இருந்தபோது தாங்கள் அடிமையாகியிருந்ததாக ஐந்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார்கள். அப்படி அடிமையானவர்களில் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம். மூன்றாண்டுகளில் 12 சதவீதம். ஹெராயினைத் தொட்டவர் மீளமாட்டார் என்று நம்பியிருந்த காலத்தில் பலர் இதை நம்ப மறுத்தார்கள். இதில் மாயம் இல்லை. விளக்குகள் எல்லாம் வியட்நாமில் இருந்தன, ஆட்கள் ஒஹையோவுக்கும் டெக்சாஸுக்கும் போய்விட்டார்கள். நம் ஐயப்ப பக்தருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வியட்நாம் தெருமுனையிலேயே இருக்கிறது.

பொருளுக்குப் பொருள் மூளைக்குள் நுழையும் வழி வேறு. கொக்கைன், சுரந்த டோபமைன் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. மெத்தாம்பெட்டமைன் இன்னும் ஒரு படி மேலே போய் டோபமைனை வெளியே கொட்டவும் வைக்கிறது. கஞ்சாவின் டிஎச்சி, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில் நிறைந்திருக்கும் சிபி1 ஏற்பிகளில் உட்காருவதால், இழுத்த நேரத்தில் படித்தது தங்காது; இளவயதில் அதிகம் இழுத்தவர்களில் சிலருக்கு மனச்சிதைவின் வாசலையும் அது திறந்துவிடுகிறது. புகைத்த நிகோட்டின் சில வினாடிகளில் மூளையை எட்டிவிடும். எவ்வளவு வேகமாக எட்டுகிறதோ அவ்வளவு கெட்டியாகப் பழக்கம் பிடிக்கிறது. ஊசியும் புகையும் மாத்திரையைவிட ஆபத்தானவை என்பதற்கு இந்த வேகமே முதற்காரணம். சென்னையில் கடந்த சில ஆண்டுகளாக இளைஞர்கள் டேப்பென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வதில் இரண்டு கேடும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று அபின் வகையான ஓபியாய்டு மருந்தின் வேகம். மற்றது மாத்திரையை உருட்ட உதவும் மாவுப் பொருள் ரத்தத்தில் கலந்து நரம்பையும் நுரையீரலையும் அடைப்பது.

மதுவிடம் சற்று நின்று பேச வேண்டும். நம்மிடையே அதிகமானவர்களைப் பிடித்திருப்பது அது என்பது மட்டும் காரணமில்லை. மூளையில் அது தொடாத இடம் குறைவு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 10 கிராம் ஒரு ‘டிரிங்க்’. ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். “நான் ஒரே ஒரு குவார்ட்டர்தான்” என்பவர் மேலைநாட்டு மருத்துவக் கணக்கில் அதிகக் குடியர். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு ஒன்பதரைக்குக் குடித்தது முழுக்க வெளியேற விடிகாலை ஆகிவிடும். மூன்றரை, நான்கு மணிக்கு விழிப்புத் தட்டி, நெஞ்சு படபடக்க உத்தரத்தைப் பார்த்தபடி கிடக்கும் குடிப்பவர்களுக்கு அந்த நேரம் தற்செயலாக வாய்த்ததல்ல.

மூளையை அடக்கும் காபா என்ற நரம்புக்கடத்தியின் கையை மது வலுப்படுத்துகிறது. மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டின் வாயைக் கட்டுகிறது. ஆகவேதான் முதலில் கூச்சம் போகிறது, பிறகு நாக்கு குழறுகிறது, பிறகு கால் தடுமாறுகிறது. தினமும் இப்படி அழுத்தினால் மூளை சும்மா இருக்காது. காபா ஏற்பிகளின் கூருணர்வைக் குறைத்து, குளூட்டமேட் ஏற்பிகளைக் கூட்டிச் சமநிலைக்கு வரப் பார்க்கும். அதனால்தான் கட்டிங்கில் தொடங்கியவருக்குக் கடைசியில் ஆஃப் போதாமல் போகிறது. திடீரென்று மது நின்றால், கதவை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த ஆள் விலகியதும் இந்தப் பக்கம் தள்ளியவர் குப்புற விழுவதுபோல, கூட்டிவைத்த தூண்டல் அத்தனையும் தடையின்றிப் பாய்கிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. மூன்றாம் நாள் இரவு வருவது அதைவிட மோசம்.

கால் முறிந்து எலும்புப் பிரிவில் சேர்க்கப்படும் ஆண்களிடம் இதை அடிக்கடி காணலாம். விபத்தன்று குடித்திருந்ததை மட்டும் வீட்டார் சொல்வார்கள், தினமும் குடிப்பதைச் சொல்ல மாட்டார்கள். அறுவை நன்றாக முடிந்திருக்கும். மூன்றாம் நாள் இரவு ஆள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் ஊர்வதை எல்லாம் கையால் தட்டிக்கொண்டிருப்பார். போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிரிப்பார். வேடிக்கைபோலத் தோன்றும் ஒன்றும் நடக்கும்: தன் தொழிலைச் செய்யத் தொடங்கிவிடுவார். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், தையற்காரர் துணியை நகர்த்தியபடி காலால் மிதிப்பார், நடத்துநர் டிக்கெட் கிழிப்பார். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கும். ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற இந்த மதுவிலகல் மனக்குழப்பம் கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகளை அளவாகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் வராமலே தடுத்துவிடலாம். வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவதை ஊர் மெச்சும். காலையில் கண் விழித்ததும் கை நடுங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் நிற்கும் என்ற நிலைக்குப் போனவர், கோயிலில் கயிறு கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

அதே படுக்கையில் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. நாட்பட்டுக் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினைக் குடல் ஒழுங்காக உறிஞ்சுவதில்லை. மூளை குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. குறைந்தால் கண்விழி நிலைகொள்ளாமல் ஆடும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். இதை 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். தவறவிட்டால் புதிதாக எதையும் நினைவில் பதிக்க முடியாத நிலை மிஞ்சும். அந்த ஓட்டையை அடைக்கக் கற்பனைக் கதைகளை நோயாளி உண்மைபோலவே சொல்வார். அதைப் பதிவுசெய்தவர் ரஷ்யாவின் செர்கெய் கோர்சாகோவ். ‘மயங்கிக் கிடக்கிறான், ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க’ என்பது நம் ஊர்ப் பழக்கம். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் எரிந்துபோகும். சில ரூபாய் ஊசி ஒன்று போடாததால் ஒருவர் ஆயுள் முழுக்கத் தன் பேரப்பிள்ளையின் பெயர் தெரியாமல் வாழ நேரலாம். போதை மருத்துவத்தில் இவ்வளவு மலிவாகத் தடுக்கக்கூடிய பேரிழப்பு வேறில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது வேறு கணக்கு. அது மெத்தனால், கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் மூளையின் உட்பகுதியையும் எரித்தது. கள்ளச்சாராய மரணம் தலைப்புச் செய்தி ஆகிறது. கோர்சாகோவ் நோயாளி ஆவதில்லை.

கை நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றுவிடும். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணிக்கு அது போதாது. ‘இப்போது வேண்டும்’ என்ற இழுப்பை ‘நாளை என்னாகும்’ என்ற நினைப்பால் நிறுத்துவது அந்தப் பகுதியின் வேலை. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தை 2003 முதல் தலைமையேற்று நடத்திய நோரா வோல்கோவின் ஸ்கேன் ஆய்வுகள், நாட்பட்ட பயனர்களின் மூளையில் டோபமைன் டி2 ஏற்பிகள் குறைந்திருப்பதையும், அதோடு முன்மூளையின் செயல்பாடு மங்கியிருப்பதையும் காட்டின. மெத்தாம்பெட்டமைனை விட்டு ஓராண்டுக்கு மேலான சிலரை அவர் குழு 2001இல் மறுபடி ஸ்கேன் செய்தபோது, டோபமைன் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவுச் சோதனையில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. மது அருந்துபவர்களில் சுருங்கிய மூளையின் கன அளவு, விட்ட சில வாரங்களிலிருந்தே கூடத் தொடங்குகிறது. மூளை மீளும், ஆனால் மாதக்கணக்கில். அந்த மாதங்களில் ஒருவர் எதிலும் ருசியின்றி, சிடுசிடுப்போடு, தூக்கம் கெட்டுத் திரிவார். ‘இதுக்குக் குடிச்சிட்டே இருந்திருக்கலாம்’ என்று வீட்டாரே சலித்துக்கொள்ளும் காலம் அது.

பதின்வயதில் தொடங்குவது ஏன் ஆபத்து என்பதும் இங்கேதான் விளங்கும். முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது; தேடலை முடுக்கும் பகுதியோ அதற்கு வெகு முன்பே தயார். ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் பரவியிருப்பதை 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலையோடு சுட்டியது வெறும் ஒழுக்கப் பிரச்சினை பற்றி அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, இது நோயா என்ற பழைய சண்டைக்கு வரலாம். 1997இல் ஆலன் லெஷ்னர் ‘சயன்ஸ்’ இதழில் அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று எழுதினார். ஜீன் ஹேமன் போன்றோர், பெரும்பாலானவர்கள் வயதும் பொறுப்பும் கூடக்கூடச் சிகிச்சையின்றியே விட்டுவிடுவதைக் காட்டி, இது நோயல்ல, தேர்வின் கோளாறு என்றார்கள். தானே இளவயதில் போதைக்கு அடிமையாக இருந்து பின்னர் மூளையறிவியலாளரான மார்க் லூயிஸ், இது மிகையாகக் கற்றுவிட்ட பழக்கம் என்கிறார். என் பார்வையில் மூவரும் வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள். தானாக விடுகிறவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. வருகிறவர் பலமுறை விட்டுப் பார்த்துத் தோற்றவர். அவரிடம் போய் ‘தேர்வு’ என்று சொல்வது அவர் மனைவி ஏற்கெனவே சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வது. இரட்டையர் ஆய்வுகளின்படி மதுச் சார்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையின் பங்கு. மீதி பாதியில்தான் சூழலும், வயதும், கூலியும், கடை இருக்கும் தூரமும் வருகின்றன. ஆகவே ‘குடிநோய்’ என்று அழைப்பதில் தவறில்லை. சர்க்கரை நோய்போல என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் சரி. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தாமஸ் மெக்லெல்லனும் உடனாய்வாளர்களும் காட்டியது அதுதான்: சிகிச்சைக்குப் பின் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் சிகிச்சையைக் கைவிட்டு நோய் முற்றி வருவோர் 50 முதல் 70 சதவீதம். ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் மாத்திரையைக் கூட்டுகிறோம். மறுபடி குடித்தால் ‘இவனைத் திருத்த முடியாது’ என்கிறோம்.

மருந்துகளின் கதை ஒரு தற்செயலில் தொடங்குகிறது. 1940களில் டென்மார்க்கில் எரிக் யாகோப்சனும் யென்ஸ் ஹால்டும் குடற்புழுவுக்கென்று டைசல்ஃபிராமைத் தாங்களே விழுங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப்பின் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. மது உடைந்து வரும் அசெட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. தெரிந்து விழுங்குபவருக்கு இது நல்ல வேலி. காலையில் மனைவியின் எதிரே விழுங்கிவிட்டால் அன்றைய முடிவு முடிந்துவிட்டது. நாள் முழுக்கத் தன்னோடு போராட வேண்டியதில்லை. தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் கொலைக்குச் சமம். ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’ என்று சுவரெழுத்து விளம்பரம் செய்யும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

நால்ட்ரெக்ஸோன் வேறு வழியில் போகிறது. மது அருந்தும்போது மூளை தானே சுரக்கும் ஓபியாய்டுகளின் ஏற்பியை அடைத்து, குடியின் ‘கிக்’கை மங்கவைக்கிறது. மதுவுக்கென அமெரிக்கா இதை 1994இலும், அகாம்ப்ரோசேட்டை 2004இலும் அனுமதித்தது. பின்னது மீறித் துடிக்கும் குளூட்டமேட்டை அடக்குவதாகக் கருதப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. இவை எவ்வளவு உதவும்? 2014இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார். 12 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மிகைக்குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ரத்த அழுத்த மருந்துகள் பக்கவாதத்தைத் தடுக்கும் கணக்கை அறிந்த மருத்துவர்களுக்கு இது கொஞ்சமாகத் தோன்றாது. ஆனாலும் இம்மருந்துகள் எழுதப்படுவது அரிது. எடை குறைப்புக்கு இப்போது பரபரப்பாகப் பேசப்படும் செமாக்ளூடைடு குடியையும் குறைக்கிறது என்று 2025இல் 48 பேரிடம் நடந்த சிறு ஆய்வு காட்டியது. பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஓபியாய்டுகளில் மருந்தின் வெற்றி ஐயத்துக்கு இடமில்லாதது. 1965இல் நியூயார்க்கின் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும் 22 ஹெராயின் பயனர்களுக்குத் தினம் ஒரு வேளை மெத்தடோன் என்ற ஓபியாய்டு மருந்தைக் கொடுத்தார்கள். ஆட்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்ற வசை அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. பிரான்ஸ் 1990களின் நடுவில் அதே வகையைச் சேர்ந்த பியூப்ரெனார்ஃபினைச் சாதாரண மருத்துவர்களும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. நான்காண்டுகளில் அளவு மீறிய மரணங்கள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கின. பஞ்சாப் 2017 முதல் இதே மருந்தை வெளிநோயாளி மையங்களில் கொடுக்கிறது. இறந்தவரைத் திருத்த எந்தச் சிகிச்சையும் இல்லை என்பதை நினைவில் கொண்டால் அந்த வசை அடங்கும்.

பேச்சு வழிச் சிகிச்சைகளில் எது சிறந்தது என்ற போட்டிக்கு 1997இல் ஒரு விடை வந்தது. 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளை மூன்று விதச் சிகிச்சைக்குப் பிரித்து அனுப்பிய ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ ஆய்வில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை அவற்றில் ஒன்றுக்கு அடித்தளம். அதில் மருத்துவர் திட்டுவதில்லை, பயமுறுத்துவதில்லை. நம் ஊரில் அது இப்படிப் போகும்:

“மாலை போட்டிருந்தப்போ ஒரு மண்டலம் தொடலைன்னு சொன்னீங்கண்ணே. அப்ப வீடு எப்படி இருந்துச்சு?”

“புள்ளைங்க பக்கத்துல வந்து உக்காந்துச்சுங்க தம்பி.”

“கழட்டினதும் திரும்ப இழுத்தது எது?”

“சனிக்கிழமைச் சம்பளம்தான். கைக்கு வந்ததும் செட்டு சேர்ந்துரும்.”

“அந்தச் சனிக்கிழமையை என்னண்ணே பண்ணலாம்?”

‘மேஸ்திரியிடம் சொல்லிச் சம்பளத்தை ஜிபேயில் வீட்டுக்காரம்மா கணக்குக்கே போடச் சொல்கிறேன்’ என்ற பதில் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். ஆலோசகர் சொன்னால் அது புத்திமதி.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களை மருத்துவர்கள் நெடுங்காலம் பக்தி இயக்கம்போலப் பார்த்தார்கள். 2020இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, முற்றாக விலகியிருப்பதில் அது மற்ற சிகிச்சைகளுக்குச் சமம், சில அளவீடுகளில் மேல் என்று முடிவுசெய்தது. காரணம் எளிது: கட்டணம் இல்லை, வாராவாரம் உண்டு, ஆயுள்வரை உண்டு. அந்த ‘நிறுத்திய பிறகு’க்கென்றே அமைந்த ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தபின் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார்; 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியோடு மனைவியும் பெற்றோரும் சிகிச்சைக்குள் வர வேண்டும் என்பதை அங்கே விதியாக்கினார்கள். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய கிராம முகாம். நகர மருத்துவமனைக்குக் கிராமத்து ஆளைக் கொண்டுவருவதற்குப் பதில், அந்த ஆள் திரும்பிப்போக வேண்டிய ஊருக்கே சிகிச்சை போனது. 1994இல் ‘அடிக்‌ஷன்’ ஆய்விதழில் அந்த அனுபவத்தை அவர் எழுதினார். விளக்குகள் எரியும் இடத்திலேயே பழகுவது என்பது அதுதான்.

மறுபக்கம், ‘மறுவாழ்வு மையம்’ என்று பலகை மாட்டி, இரவோடு இரவாக ஆளை வண்டியில் தூக்கிப்போய்ப் பூட்டிவைத்து அடிக்கும் இடங்களும் நம் மாநிலத்தில் உண்டு. சிலர் பிணமாகத் திரும்பிய செய்திகளும் வந்திருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. மையம் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும், நோயாளியின் சம்மதமே விதி, கட்டாயச் சேர்க்கை விலக்கு. மூன்று மாதம் பூட்டிவைத்தால் மூன்று மாதம் குடிக்க மாட்டார். அதற்கு மையம் தேவையில்லை, சிறை போதும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வரும் பயனரை, சிறு அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கான வழக்கிலிருந்து அது விடுவிக்கிறது. காவல் நிலையங்களில் அதை எடுத்துச் சொல்வார் யாருமில்லை.

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் சொன்னது. மதுச் சார்பு உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர்வது 180இல் ஒருவர். மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது. கோவாவில் சங்காத் அமைப்பின் அபிஜித் நட்கர்ணியும் விக்ரம் பட்டேலும் வேறு வழியைச் சோதித்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகம் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் ஆபத்தில்லாத நிலைக்கு வந்தவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. ‘லான்செட்’ இதழில் வந்த இந்த முடிவு, கடுமையாகச் சார்ந்துவிட்டவர்களுக்கு அல்ல, அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கானது. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வரும் வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. நிறுத்திய பிறகான மாதங்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை நான் எங்கும் பார்க்கவில்லை. குடிநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நியாயமான மறுப்பு உண்டு: அதே தெருவிலிருந்து வரும் சுகாதாரத் தன்னார்வலப் பெண்ணிடம் எந்த ஆண் உண்மையைச் சொல்வார்? வீட்டில் கேட்க வேண்டாம். தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரிடம் கையில் பட்டையைச் சுற்றும்போதே கேட்கலாம். கேட்பதற்கு மருத்துவக் காரணம் அங்கேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ படிவத்தில் பத்துக் கேள்விகள். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, ஒரே மூச்சில் அதிகம் குடிப்பது எத்தனை முறை என்ற முதல் மூன்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த விடைகளைக் குறித்துக்கொள்ள அழுத்த அட்டையில் ஒரு கட்டமும், மருந்தக அலமாரியில் தயமினுக்குப் பக்கத்தில் நால்ட்ரெக்ஸோனும் வைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.